சாகாவை மாற்றி வரைந்தால்...



1985 ஜூலை 9இல் அறிமுகமான புரோட்டோன் சாகா மகிழுந்து, மித்சுபிஷி லான்சர் பியோரேயின் வடிவைத் தழுவி ஷா ஆலாமில் உருவாயிற்று. நம் நாட்டினரே வடிவமைத்த வாஜா 2000இல் வந்தது. அமெரிக்காவின் கார்வெட் 1953இல் பிறந்தது; இயந்திரம் ஓட்டுநருக்குப் பின்னே அமைய வேண்டுமென்ற ஆர்வலர்களின் நெடுநாள் விருப்பம், 2020ஆம் ஆண்டு வடிவில்தான் நிறைவேறியது.

கிள்ளானில் என் மாணவர்களிடம் பழைய சாகாவின் படத்தைக் கொடுத்து மாற்றி வரையச் சொன்னேன். விளக்கு, சக்கரம், கதவு யாவும் மாறின. "பெட்டி உருவம் மட்டும் இருக்கட்டும் ஐயா, தாத்தா வண்டி என்று தெரிய வேண்டுமே" என்றான் ஒருவன்.

இரவல் வடிவில் தொடங்கிய நாம், பதினைந்து ஆண்டுகளில் சொந்த வடிவை எட்டினோம். வடிவமைப்பு பிறர் தொழில் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. வீட்டிலும் வரைதாள் கொடுங்கள்.