செலவாகாத நொதியை ஏன் வீசினார்கள்?

மாணவர்களே, “நொதி வினையில் செலவாவதில்லை” என்று தேர்வில் எழுதுறோம். அப்படின்னா ஆலைகள் ஒவ்வொரு முறையும் புது நொதி சேர்த்தது ஏன்? நொதி கரைசலில் கலந்துவிடும்; பிரித்தெடுப்பது கடினம். வெப்பத்தில் அதன் மடிப்பு குலைந்தால் வேலையும் போச்சு.

1916-இல் அமெரிக்காவின் நெல்சன், கிரிஃபின் இருவரும், இன்வர்ட்டேஸ் நொதி கரித்தூளில் ஒட்டிய பிறகும் சீனியைச் சிதைப்பதைக் கண்டார்கள். அந்த வழி ஆலைக்கு வர அரை நூற்றாண்டு ஆச்சு! 1969-இல் ஜப்பானின் தனாபே நிறுவனத்தில் இச்சிரோ சிபாத்தா குழு, சிறு மணிகளில் நொதியைப் பிணைத்து, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி அமினோ அமிலம் தயாரித்தது.

அடுத்து வந்தவை நுண்துளைப் படிகங்கள். துத்தநாக அயனியும் கரிமச் சேர்மமும் இணைந்த ஸிஃப்-8, நீரில், அறை வெப்பநிலையிலேயே நொதியைச் சுற்றி வளரும். சிறு மூலக்கூறு துளைவழி போய்வரும், நொதி வெளியேறாது. கூண்டு அதன் மடிப்பையும் தாங்கும். குறையும் உண்டு: மாவுச்சத்து போன்ற பெரிய மூலக்கூறு நுழையாது, அமிலத்தில் படிகமே சிதையும். இவ்வகைப் படிகங்களை உருவாக்கிய கிட்டாகாவா, ராப்சன், யாகி மூவரும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இனி விடையில் “செலவாவதில்லை” என்பதோடு நிறுத்தாதீங்க. “பிரித்து மீட்டால்தான் மீண்டும் பயன்படும்” என்றும் சேர்த்து எழுதுங்க.