தலையெழுத்தும் மெய்யெழுத்தும்



சிங்கப்பூரின் கோலியர் கீ சாலையில், ஓஷன் ஃபைனான்ஷியல் சென்டர் கட்டடத்தின் முன்னால் ஒரு மனித உருவம் அமர்ந்திருக்கிறது. அது கல்லில் செதுக்கியதோ வெண்கலத்தில் வார்த்ததோ அன்று. துருப்பிடிக்காத எஃகினாலான எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கியது. உள்ளே வெற்றிடம். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு ஆட்சிமொழிகளின் எழுத்துகளே அவ்வுடலின் தோலும் தசையும். 2011ஆம் ஆண்டைச் சேர்ந்த இச்சிற்பத்தின் பெயர் ‘சிங்கப்பூர் சோல்’, அதாவது சிங்கப்பூரின் ஆன்மா.

இதனைப் படைத்தவர் ஜவுமே பிளென்சா. 1955ஆம் ஆண்டு பார்சிலோனாவில் பிறந்தவர். அவருடைய இளமைக்காலத்தில் ஸ்பெயின் பிராங்கோவின் ஆட்சியில் இருந்தது. கட்டலான் மொழிக்குப் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இடம் மறுக்கப்பட்ட காலம் அது. பின்னாளில் மொழியும் மனித உடலும் அவருடைய கலையின் இரு தூண்களாயின. பிரான்சின் அந்தீப் நகரில் கடலை நோக்கி அமர்ந்திருக்கும் அவருடைய ‘நோமாட்’ சிற்பமும் எழுத்துகளால் ஆனதே. 2011இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில் நடந்த அவருடைய பெரிய கண்காட்சியில், எஃகு எழுத்துகளைக் கோத்த திரை ஒன்று ஏறத்தாழ 50 மீட்டர் நீளத்திற்குத் தொங்கியது. பார்வையாளர்கள் அடித்து ஒலியெழுப்பக்கூடிய, வாசகங்கள் பொறித்த வெண்கலச் சேகண்டிகளும் அங்கே இருந்தன. எழுத்தைக் கண்ணால் மட்டுமன்றி உடலாலும் உணரவேண்டும் என்பது அவர் கலையின் போக்கு.

எழுத்தை உடலாகக் காண்பது தமிழருக்குப் புதிதன்று. நம் இலக்கணிகள் எழுத்துகளுக்கு இட்ட பெயர்களே இதற்குச் சான்று. பன்னிரண்டு எழுத்துகளை உயிர் என்றனர். பதினெட்டு எழுத்துகளை மெய், அதாவது உடம்பு என்றனர். உயிரும் மெய்யும் கூடிப் பிறப்பவை உயிர்மெய். முதல் வகுப்புக் குழந்தைக்கு இப்பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் நாம், அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்பது அரிது.

நம் முன்னோர் எழுத்தையும் உருவத்தையும் ஒரே கல்லில் வைத்தும் போற்றினர். ஆநிரை மீட்கும் போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டனர். செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலத்து நடுகற்களில், வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவத்தோடு வட்டெழுத்தில் அவன் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே எழுத்து மனிதனுக்குப் பெருமை சேர்த்தது.

ஆனால் எழுத்து மனித உடலுக்கு இழிவைத் தந்த காலமும் உண்டு. அவ்வரலாறு கோலியர் கீயோடு நேரடியாகத் தொடர்புடையது. 1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் உழைத்தனர். அவர்களுள் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர். 1864இல் முடிவுற்ற கோலியர் கீயின் கடலோரச் சுவர் அவர்கள் உழைப்பில் எழுந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய இஸ்தானாவும் அவ்வாறே. சிராங்கூன் சாலையிலிருந்த அரசாங்கச் செங்கற்சூளையில் கல் அறுத்தவர்களும் அவர்களே.

அக்கைதிகளுள் ஆயுள் தண்டனை பெற்ற பலர் நெற்றியில் பச்சை குத்தப்பட்டே கப்பலேறினர். வங்காளத்தில் 1797ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டிலும் இதற்கான விதிகள் இயற்றப்பட்டன. செய்த குற்றத்தின் பெயரை அந்தந்த வட்டார மொழியிலேயே நெற்றியில் எழுதினர். தலைப்பாகையால் அதனை மறைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1849இல் இத்தண்டனை ஒழிக்கப்பட்டது. ஆயினும் குத்திய எழுத்து சாகும்வரை அழியவில்லை. ‘தலையெழுத்து’ என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அம்மனிதர்களுக்கு அது உவமை அன்று. தாய்மொழியின் எழுத்தே அவர்கள் முகத்தில் தண்டனையாக நின்றது.

அத்தண்டனை ஒழிந்த மறு ஆண்டில், 1850இல், தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு சிங்கப்பூருக்கு வந்தார். அவர் வருகையின் நினைவாக எழுப்பப்பட்ட கல்தூண் இன்று எம்பிரஸ் பிளேசில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் அருகே நிற்கிறது. ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்திலான மலாய் ஆகியவற்றோடு தமிழும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அது ஆட்சியாளரைப் புகழ எழுந்த தூண்தான். எனினும், இந்நகரின் பொது இடத்தில் தமிழ் மற்ற மொழிகளோடு சமமாக அமர்ந்ததற்கு அது பழைய சான்று.

அதன்பின் வந்தவை நாம் வகுப்பில் கற்பிக்கும் செய்திகள். 1887இல் ‘சிங்கை நேசன்’ இதழும், 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ம் தோன்றின. 1965இல் குடியரசு மலர்ந்தபோது நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் தமிழ் நிலைபெற்றது. நம் பணத்தாளிலும் நாணயத்திலும் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருப்பதும், பிளென்சாவின் சிற்பத்தில் தமிழெழுத்து இடம்பெற்றதும் அந்த நிலைபேற்றால்தான். கைதிகள் கட்டிய கரையில், நெற்றியில் குத்திய எழுத்துக்கு மாறாக, உடலையே தாங்கும் எழுத்தாகத் தமிழ் நிற்கிறது. இந்த மாற்றத்திற்குத் தலைமுறைகள் பல உழைத்தன.

இனி நம் கவலைக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசியோர் 36.7 விழுக்காட்டினர். 2020இல் அது 27.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் ஆங்கிலம் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாக உயர்ந்தது. தமிழல்லாத பிற இந்திய மொழியினரின் வருகையும் இவ்வெண்களில் அடங்கும். ஆயினும் ஆங்கிலத்தின் ஏற்றம் நம் வீடுகளில் நாமே காண்பது.

பிளென்சாவின் சிற்பத்தைக் கடந்து செல்லும் அலுவலர் பலருக்குத் தமிழெழுத்து ஓர் அழகிய வளைவு மட்டுமே. அது குறையன்று; அவர்கள் மொழி வேறு. ஆனால் தமிழ்ப் பிள்ளையும் அதனை வளைவாக மட்டுமே காணுமாயின், நாணயத்திலும் தூணிலும் சிற்பத்திலும் இருப்பது மெய் மட்டுமாகிவிடும். மெய் தானாக ஒலிக்காது. உயிர் சேர்ந்தால்தான் ஒலிக்கும் என்பது நாம் கற்பிக்கும் முதல் பாடம். சட்டம் மொழிக்கு மெய்யைத் தந்திருக்கிறது. உயிரைத் தரவேண்டியவர்கள் வீட்டில் பேசும் பெற்றோரும் வகுப்பில் பேசவைக்கும் ஆசிரியரும்தான்.

வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சிற்பத்தில் தமிழெழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். உயிர் எது, மெய் எது, உயிர்மெய் எது எனப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அங்கிருந்து கெவனா பாலத்தைக் கடந்தால் டல்ஹௌசி தூண். அதிலுள்ள தமிழை அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். பிறகு லிட்டில் இந்தியாவுக்குச் சென்று, சிராங்கூன் சாலைக் கடைப் பலகைகளைப் படித்தபடி நடந்து, வேண்டிய பொருளைத் தமிழிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. ஒரு முற்பகல் போதும்.