வயற்சேறு செய்கிற வேலை

வற்றாப்பளை எண்டால் உப்புத்தண்ணியில் விளக்கெரியும் கண்ணகி அம்மன் பொங்கல்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் வயல்கள். அந்த வயற்சேற்றுக்குள் நடக்கிற ஒரு வேலையைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை. தண்ணீரில் கரைந்த நைதரசனைச் சேறு காற்றுக்கு அனுப்பிவிடுகிறது. நகரங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கழிவுநீர் நிலையம் கட்டிச் செய்வதும் இதைத்தான்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதை ஒரு கண்ணாடிக் குழாயில் தொடங்குகிறது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியுன்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய குழாய்க்குள் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக இறங்கவிட்டார்கள். முதல் 20 நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அமோனியா குறைந்து நைத்திரேற்று வரத் தொடங்கியது. வெறும் இரசாயனத் தாக்கம் எண்டால் ஏன் 20 நாள் பிடிக்க வேணும்? குளோரோஃபோம் ஆவியை விட்டுப் பார்த்தார்கள், வேலை நின்றது. ஆவியை அகற்றி, மண் கழுவிய தண்ணீர் கொஞ்சம் ஊற்றினார்கள், திரும்பத் தொடங்கியது. உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது!

1880களில் போர்தோ நகரில் கயோனும் துப்பெத்தியும் மறுபாதியைக் கண்டார்கள். காற்றுப் படாத இடத்தில் வேறு பக்டீரியாக்கள் நைத்திரேற்றின் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நைதரசனை வாயுவாக விட்டுவிடுகின்றன. முதற்பாதிக்குக் காற்று வேணும். இரண்டாம் பாதிக்குக் காற்று ஆகாது, ஆனால் தின்பதற்குக் காபன் வேணும். இந்த இரண்டையும் ஒரே நிலையத்துக்குள் ஒழுங்காகச் சேர்க்க 1960கள், 70கள் வரை எடுத்தது. தென்னாபிரிக்காவில் ஜேம்ஸ் பார்னாட் அமைத்த தொட்டிகள் அதில் முக்கியமானவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பார்த்தால் ஷ்லோசிங்கின் குழாய்தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது. மேலே காற்றோட்டமான செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். 1970களில் சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அங்கே தோட்டக்காரருக்கு நல்ல காலம். பம்பில் இறைப்பு, கைநிறைய யூரியா. பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்கு இறங்கியது. மலசலகூடக் குழிகளின் பங்கும் சேர்ந்தது. இரண்டாம் பாதி வேலையைச் செய்யச் சேறு அங்கே இல்லை. 1988இல் வெளியான நாகராஜா குழுவினரின் ஆய்வு, யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளை இந்த நைத்திரேற்றுக்காகவே பார்த்தது. தோட்டச் செய்கை கடுமையாக நடந்த யாழ்ப்பாணப் பகுதிகளில்தான் பிரச்சினை பெரிதாக இருந்தது. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலமாகும் நோயை, நைத்திரேற்றுக் கிணறுகளோடு அமெரிக்க வைத்தியர் கொம்லி 1945இலேயே தொடர்புபடுத்தியிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்ற இன்னும் செறியும்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் பிரச்சினை பிறகு வன்னியின் வாசலுக்கும் வந்தது. உப்பும் நைத்திரேற்றும் ஏறிய குடாநாட்டுக்கு இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் கொடுத்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். "தண்ணி குடுக்க மனமில்லாதவங்கள்" எண்டு வன்னி விவசாயியைத் திட்டினவர்கள் உண்டு. எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. குளத்தை நம்பி விதைக்கிறவன் பயப்படத்தான் செய்வான்.

சரி, சேற்றுக்கு வருவம். நெல்வயலில் தண்ணீர் நிற்கும்போது மேலே மெல்லிய ஒரு படைக்கு மட்டும் காற்றுக் கிடைக்கும், கீழே கறுத்த சேறு. மேலே நைத்திரேற்று உண்டாகும், கீழே அது வாயுவாகும். பார்னாட்டின் தொட்டிகள் இரண்டும் ஒரு சாண் மண்ணுக்குள்! ஜப்பானிய மண்ணியலாளர் சியோரி இதை 1930கள், 40களிலேயே விளக்கிவிட்டார். அவருக்கு இது நட்டக் கணக்கு, போட்ட பசளை காற்றில் போகிறதே என்ற கவலை. அதனால் பசளையைச் சேற்றுக்குள் ஆழமாக வைக்கச் சொன்னார். கிணற்றுக்கு அதே நட்டம் இலாபம்.

ஆனால் குடிமனை வயலுக்குள் இல்லை. முல்லைத்தீவுக் கரையோரம் மணல். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எத்தனையோ வளவுகளில் கல்வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட. குழியிலிருந்து கசிவது காற்றோட்டமான மணலுக்குள் முதற்பாதியை முடித்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நகரலாம், காபனுள்ள சேறு வழியில் இல்லை. கனடாவின் ஒன்ராறியோவில் ரொபேட்சனும் செரியும் 1990களில் இதற்கு ஒரு வழி பரீட்சித்தார்கள். குழியின் கசிவு போகும் பாதையில் மரத்தூள் கலந்த மணலைப் புதைத்தார்கள். ஈரத்தில் மரத்தூள் பக்டீரியாவுக்குச் சாப்பாடானது, நைத்திரேற்று பெருமளவு குறைந்தது. மோட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

மரத்தூள் எங்கட மரக்காலைகளிலும் கிடக்கு.