மின்கம்பத்தில் கட்டிய கொடி: பிரித்தானியாவில் கொடியும் வர்க்கமும் குடிவரவும்

2025 ஓகஸ்ட் மாதக் கடைசியில், இங்கு வந்து ஆறு வருடமான ஒரு தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, எங்கட றோட்டு முழுக்கக் கொடி கட்டியிருக்கிறாங்கள். ரவுண்டபௌட்டிலயும் சிவப்புச் சிலுவை கீறி வைச்சிருக்கு. பள்ளிக்கூடம் திறந்தாப்பிறகு பிள்ளையைத் தனிய விடலாமோ?" என்று கேட்டார். விடலாம் என்றேன். ஆனால் அவர் ஏன் பயந்தார் என்பது எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதிக்கும் முன்னர் கடை கடையாக வந்து கொடி ஏற்றச் சொன்னவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வீதியோரம் வரிசையாகக் கட்டிய கொடி எங்களுக்கு ஒருபோதும் வெறும் துணியாக இருந்ததில்லை.

இங்கிலாந்தின் கொடியையும் அப்படியே வாசிக்கலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து பலமுறை வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்த நாட்டில் கொடிக்கும் வர்க்கத்துக்கும் குடிவரவுக்கும் இடையில் உள்ள முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு கொடிகள்

முதலில், இங்கே பேசப்படுவது ஒரு கொடியல்ல, இரண்டு. யூனியன் ஜக் என்பது முழு ஐக்கிய இராச்சியத்தினதும் கொடி. 1606இல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து ஆகியவற்றின் சிலுவைகளைச் சேர்த்து உருவானது. 1801இல் அயர்லாந்தின் சிலுவையும் சேர்ந்து இன்றைய வடிவத்தைப் பெற்றது. வேல்ஸுக்கு அதில் இடமே இல்லை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையாக இருப்பது சென் ஜோர்ஜ் கொடி. அது இங்கிலாந்துக்கு மட்டும் உரியது.

1966இல் வெம்பிளியில் இங்கிலாந்து உலகக் கிண்ணத்தை வென்றபோது பார்வையாளர்கள் அசைத்தது பெரும்பாலும் யூனியன் ஜக்கைத்தான். முப்பது வருடம் கழித்து, 1996 ஐரோப்பியக் கிண்ணப் போட்டி இங்கிலாந்தில் நடந்தபோது அதே மைதானம் சென் ஜோர்ஜ் சிலுவையால் நிறைந்தது. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் தங்கள் தனி அடையாளத்தை உரத்துப் பேசத் தொடங்கிய காலத்தில், இங்கிலாந்து மக்களும் தமக்கென ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து உதைபந்தாட்டக் காலங்களில் கார் ஜன்னல்களிலும் கவுன்சில் வீடுகளின் மாடங்களிலும் அந்தக் கொடி தொங்குவது வழக்கமாகிவிட்டது.

கொடி எப்படிக் கறைபட்டது

1967இல் உருவான நஷனல் ஃப்ரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி யூனியன் ஜக்கைத் தன் ஊர்வலங்களின் முன்னே பிடித்துச் சென்றது. 1977 ஓகஸ்டில் லூயிஷாமில் அவர்களின் ஊர்வலத்தை ஆயிரக்கணக்கானோர் மறித்தார்கள். 1979 ஏப்ரலில் தென்னாசியர்கள் செறிந்து வாழ்ந்த சவுத்ஹோலில் அவர்கள் கூட்டம் வைத்தபோது, எதிர்ப்பில் கலந்துகொண்ட பிளேயர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு உயிரிழந்தார். அந்தக் காலத்தில் வளர்ந்த கறுப்பின, ஆசியப் பிள்ளைகளுக்கு ஒரு மதுச்சாலையின் வாசலில் யூனியன் ஜக் தொங்கினால் அங்கே போகக்கூடாது என்பதே பொருள். 2009இல் லூற்றன் நகரில் தோன்றிய இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக், அதே வேலையைச் சென் ஜோர்ஜ் கொடிக்குச் செய்தது.

ஆனால் இன்னொரு வரலாறும் கூடவே ஓடுகிறது. 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தை வென்ற லின்ஃபோர்ட் கிறிஸ்டி ஜமேக்காவில் பிறந்தவர். 2012இல் லண்டனில் தங்கம் வென்ற மோ ஃபரா சோமாலிலாந்தில் பிறந்து சிறுவயதில் இங்கு கொண்டுவரப்பட்டவர். இருவரும் யூனியன் ஜக்கைப் போர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அன்று மக்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். ஆக, கொடியின் பொருள் துணியில் எழுதப்பட்டிருக்கவில்லை. யார் பிடிக்கிறார்கள், எங்கே, எப்போது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு படமும் ஒரு பதவி விலகலும்

வர்க்கம் எங்கே வருகிறது என்பதற்கு 2014 நவம்பர் 20ஆம் திகதியைப் பார்க்கலாம். அன்று ரொச்செஸ்ரர் தொகுதியில் இடைத்தேர்தல். லண்டன் இஸ்லிங்ரனைப் பிரதிநிதித்துவப்படுத்திய தொழிலாளர் கட்சி உறுப்பினர் எமிலி தோர்ன்பெரி, அங்கு ஒரு வீட்டைப் படம்பிடித்து ட்விற்றரில் போட்டார். வீட்டு முகப்பில் சென் ஜோர்ஜ் கொடிகள், வாசலில் ஒரு வெள்ளை வான். படத்தோடு ஊர்ப் பெயரைத் தவிர வேறு விமர்சனம் எதுவும் எழுதவில்லை. இருந்தும் அன்றே அவர் நிழல் அமைச்சரவைப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது.

எழுதாத ஒன்றுக்கு ஏன் இந்தத் தண்டனை? பிரித்தானியாவில் வெள்ளை வான் என்பது மேசன், குழாய் வேலை செய்பவர், மின்சார வேலை செய்பவர் போன்றோரின் அடையாளம். படித்த, வசதியான லண்டன்வாசி ஒருவர் அந்த வானையும் கொடியையும் வேடிக்கைப் பொருளாகக் காட்டுகிறார் என்றே நாடு அந்தப் படத்தை வாசித்தது. அந்த இடைத்தேர்தலில் வென்றது குடிவரவை எதிர்த்த யுகிப் கட்சி.

இதில் ஓர் இரட்டை அளவுகோலும் உண்டு. ஒவ்வொரு வருடமும் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் புறொம்ஸ் இசைவிழாவின் இறுதி இரவில் ஆயிரக்கணக்கானோர் கொடி அசைக்கிறார்கள். கிராமத்துத் தேவாலயக் கோபுரங்களில் சென் ஜோர்ஜ் கொடி பறக்கிறது. அவற்றைக் கண்டு எவரும் கதவைப் பூட்டுவதில்லை. அதே துணி ஒரு கவுன்சில் வீட்டின் ஜன்னலில் தொங்கினால் சந்தேகம் வருகிறது. ஆங்கிலேயப் படிப்பாளிகள் தங்கள் நாட்டையிட்டே வெட்கப்படுகிறார்கள் என்று ஜோர்ஜ் ஓர்வெல் 1941இலேயே எழுதினார். எங்கள் ஆட்களும் படித்து வசதியான பிறகு அந்த ஏளனத்தைச் சேர்த்தே கற்றுக்கொள்கிறோம். "உதுகள் படிக்காத வெள்ளையள்" என்று எங்கள் கொண்டாட்டங்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

ஏழைக்குப் பக்கத்தில் ஏழை

குடிவரவு பற்றிய மனப்பாங்கில் மிகத் தெளிவான பிரிகோடு வருமானமல்ல, கல்வியும் வயதும் என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து காட்டி வந்திருக்கிறார்கள். பட்டம் பெற்றவர்களும் இளையவர்களும் பெரும்பாலும் சாதகமாகவும், வயதானவர்களும் பட்டம் இல்லாதவர்களும் பெரும்பாலும் எதிராகவும் இருக்கிறார்கள். எனவே எதிர்ப்பு உழைக்கும் வர்க்கத்துக்கு மட்டும் உரியதல்ல. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 வீதமானோர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தபோது, தெற்கின் வசதியான மாவட்டங்கள் பலவும் அதில் சேர்ந்திருந்தன. மாற்றத்தின் வேகமும் ஒரு காரணம். கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் சில வருடங்களுக்குள் பெருமளவில் வந்து சேர்ந்த பொஸ்ரன் என்ற சிறு விவசாய நகரில் 75.6 வீதமானோர் வெளியேற வாக்களித்தார்கள். தலைமுறைகளாகக் குடியேறிகளோடு வாழும் லண்டன் எதிர்ப்பக்கம் நின்றது.

ஆனால் சுமை எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் வர்க்கம் பளிச்சென்று தெரியும். 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்போருக்கே மலிவாக விற்க வழிசெய்தது. விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டப்படவில்லை. வீட்டுக்கான வரிசை நீண்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் புகலிடக் கோரிக்கையாளர்களை நாடு முழுவதும் பரப்பி அனுப்பினார்கள். வாடகை மலிவான இடங்கள்தான் அதற்குத் தெரிவாகின. மிடில்ஸ்பறோ, ஸ்ரோக், றொச்டேல் போன்ற, தொழிற்சாலைகள் மூடிப்போன நகரங்களுக்கு ஆட்கள் போனார்கள். செல்வந்தர் வாழும் ஊர்களுக்கு மிகச் சிலரே போனார்கள்.

அப்படி வருபவர் முதல் பன்னிரண்டு மாதம் வேலை செய்ய முடியாது. 2024இல் அவருக்குக் கிடைத்த உதவித்தொகை வாரத்துக்கு 49.18 பவுண். உணவு தரும் ஹோட்டலில் தங்கினால் 10 பவுணுக்கும் குறைவு. வெளியே நிற்பவருக்கு இது தெரியாது. "எனக்கு வீடில்லை, இவர்களுக்கு ஹோட்டல்" என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது. அவருடைய வீட்டுப் பிரச்சினை உண்மை. அதற்கான காரணமாக அவருக்குக் காட்டப்படும் ஆள்தான் பொய்.

எண்களும் அப்படித்தான். 2023 ஜூனில் முடிந்த வருடத்தில் நிகரக் குடிவரவு 9 இலட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி மாணவர்கள், பராமரிப்புத் தொழிலாளர்கள், உக்ரேனியர்கள், ஹொங்கொங்கிலிருந்து வந்தோர் என அரசே விசா கொடுத்து வரவழைத்தவர்கள். படகுகளில் வந்தோர் மிக அதிகமாக இருந்த 2022இல்கூட அவர்களின் தொகை 46,000ஐ எட்டவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் தெரிவது படகுதான்.

2025 கோடை

அந்த ஜூலையில் எப்பிங் நகரில் புகலிடக் கோரிக்கையாளர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் முன் ஆர்ப்பாட்டங்கள் தொடங்கின. அங்கு தங்கியிருந்த ஒருவர் மீது பாலியல் குற்றச்சாட்டு வந்தது. பின்னர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகவும் கண்டது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒருவரின் குற்றத்தை ஹோட்டலில் இருந்த எல்லோர் மீதும் சுமத்தியதுதான் அநீதி.

சில வாரங்களில் பேர்மிங்ஹாமின் வீலி காசில் பகுதியில் மின்கம்பங்களில் கொடிகள் ஏறின. "ஒப்பரேஷன் றெய்ஸ் த கலர்ஸ்" என்ற பெயரில் அது நாடெங்கும் பரவியது. 2023இல் நிதியில்லாமல் கைவிரித்த மாநகரசபை அது. 2025இல் குப்பை அள்ளுவோரின் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. குப்பை அள்ள முடியாத சபைக்குக் கொடி கழற்ற மட்டும் நேரமிருக்கிறதா என்ற கேள்வி மக்களிடம் நன்றாக எடுபட்டது. தன் வீட்டில் தேசியக்கொடி ஏற்ற இங்கிலாந்தில் அனுமதி தேவையில்லை. பொது வீதியின் கம்பத்தில் அனுமதியின்றிக் கட்டுவது சட்டப்படி வேறு விடயம்.

கட்டியவர்களில் பலர் தங்களுக்கு நாட்டுப்பற்று மட்டுமே என்றார்கள். அது பொய்யென்று சொல்ல என்னால் முடியாது. அதேவேளை, ஏற்பாட்டாளர்களிடையே தீவிர வலதுசாரித் தொடர்புள்ளோர் இருப்பதை ஹோப் நொட் ஹேட் என்ற இனவாத எதிர்ப்பு அமைப்பு எடுத்துக்காட்டியது. செப்ரெம்பர் 13இல் ரொமி றொபின்சன் லண்டனில் கூட்டிய பேரணியில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொடிகளோடு கலந்துகொண்டதாகப் பொலிஸார் மதிப்பிட்டார்கள். பிரதமர் கியர் ஸ்ராமரோ, கொடி எல்லோருக்கும் உரியது, அதை வன்முறையாளருக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற நிலைப்பாட்டை எடுத்தார்.

வட அயர்லாந்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அங்கே மின்கம்பக் கொடியும் சிவப்பு வெள்ளை நீலம் பூசிய வீதியோரக் கற்களும் இது யாருடைய இடம் என்று சொல்லும் எல்லைக் குறிகள். 2012 டிசம்பரில் பெல்ஃபாஸ்ற் நகரமண்டபத்தில் கொடியைக் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் ஏற்றுவதென்று தீர்மானித்ததற்கே வாரக்கணக்கில் கலவரம் நடந்தது.

"உன்னைச் சொல்லவில்லை"

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. உதைபந்தாட்டம் வந்தால் அவர் ஜன்னலில் சென் ஜோர்ஜ் கொடி தொங்கும். காற்றில் விழுந்த என் வேலியை நான் கேட்காமலே நிமிர்த்தித் தந்தவர். அந்தச் செப்ரெம்பரில் வேலியோரம் நின்று, படகுகளை நிறுத்த வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லவில்லை, நீ முறையாக வந்தவன்" என்று சேர்த்துக்கொண்டார்.

நான் முறையாக வரவில்லை. 1999இல் கலேயிலிருந்து ஒரு லொறியின் பின்னால் ஒளிந்து வந்தேன். பல வருடப் பழக்கத்தில் அதை அவரிடம் சொன்னதில்லை. அந்த விலக்கு எனக்கு வசதியாக இருந்தது.

எங்களில் பலருக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது. "நாங்கள் உழைச்சு வந்தனாங்கள், இப்ப வாறவை வேற" என்று சொல்லும் தமிழரை எனக்குத் தெரியும். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பியனுப்புவதைத் தடுக்க உடைகளைக் களைந்து நின்றவர்கள் தமிழர்கள். அதே வருடம், உரிய ஆவணமின்றி ஆட்களைக் கொண்டுவரும் விமான நிறுவனங்களுக்குத் தண்டப்பணம் விதிக்கும் சட்டம் வந்தது. 2021 ஒக்ரோபரில் படகு பழுதாகி டியாகோ கார்சியாத் தீவில் மூன்று வருடத்துக்கும் மேல் அடைபட்டுக் கிடந்து, 2024 டிசம்பரில் பிரித்தானியா கொண்டுவரப்பட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான். படகில் வருபவர் வேறு யாரோ என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை.

அன்று லொறிக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தத் துறைமுகம்?" என்று மட்டும் கேட்டார். தானும் அந்த வழியால் லொறி ஓட்டியவர் என்றார். அவர் கருத்து மாறியதா என்று தெரியாது. நான் கேட்கவுமில்லை. ஆனால் அதன் பிறகு "உன்னைச் சொல்லவில்லை" என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஜன்னலில் தொங்கும் கொடி ஒருவரின் வீட்டைச் சொல்கிறது. அந்த வீட்டுக்காரரோடு கதைத்துப் பார். இரவோடு இரவாக வீதி முழுக்கக் கட்டும் கொடி எல்லையைச் சொல்ல வருவதாக இருக்கலாம். அதைக் கவனி. அதோடு மிரட்டலோ சுவரெழுத்தோ வந்தால் படமெடுத்துப் பொலிஸில் முறையிடு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடு. அந்த வீதி அவளுடையதும்தான்.