வாணி பாடிய ஊரும் பாடலின் உருக்கமும்

பாலாற்றங்கரையிலுள்ள வாணியம்பாடியைத் தோல் பதனிடுந் தொழிலால் அறிவார் பலர். அதன் பெயர்க்குக் காரணமாகச் சைவர் வழங்கும் வரலாற்றால் அறிவார் சிலரே. பிரமதேவன் சாபத்தாற் பேச்சிழந்த கலைமகள், பழைய வாணியம்பாடியில் எழுந்தருளியிருக்கும் அதிதீசுவரப் பெருமானை வழிபட்டுக் குரல் மீளப்பெற்றுப் பாடினாள் என்பதும், அதனால் ஊர் இப்பெயர் எய்திற்று என்பதும் தலவரலாறு. சொல்லாராய்ச்சியாளர் இதனை உடன்படினும் உடன்படாதொழியினும், இதன்கண் ஒரு நுண்பொருள் உண்டு. கலைகட்கெல்லாம் தலைவியாயினாள் பாட்டும், அவள் தன் குரலிழந்து அருளை வேண்டி நின்ற பின்னரே பிறந்தது. ஆயின், பாடலுக்கு உருக்கந் தருவது யாது?

குரலின் வன்மையே என்பார் சிலர். கருவியின் நுணுக்கமே என்பார் வேறு சிலர். இவை பாடற்கு அணியாமன்றி உயிராகா. திருத்தருமபுரத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சுற்றத்தார், யாழின் சிறப்பாலேயே திருப்பதிகம் சிறக்கின்றது என்றனர். அதுகேட்டு வருந்திய பாணர் வேண்ட, யாழிலடங்காத பதிகமொன்றைத் திருஞானசம்பந்தர் பாடியருளினார். நரம்பு பின்செல்லமாட்டாமை கண்டு யாழையே உடைக்கத் துணிந்த பாணரைத் தடுத்து, இயன்ற அளவில் இசைக்குமாறு பணித்தார். கருவி இகழப்படவில்லை, அதன் எல்லை மட்டுமே காட்டப்பட்டது.

இனி, உயிராவது யாதெனின், பாடுவோன் தன் செயலற்று நிற்குங் குறையே என்க. திருநாவுக்கரசர் தருமசேனராய்ச் சமண நூல்களில் வல்லவராய் விளங்கினார், புலமைக்குக் குறைவில்லை. ஆயினும் சூலைநோய் வருத்தத் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகைத் திருமுன் நின்றபோதே அவர் திருவாக்குப் பதிகமாய்ப் பெருகிற்று. சங்கிலியார்க்குத் தந்த சூளுரையைக் கடந்து திருவொற்றியூரை நீங்கிய சுந்தரர் கண்ணிழந்தார். பாடிப் பாடிக் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். ஈண்டு வேண்டுகோள் வேறு, பாட்டு வேறன்று.

அஃதாயின், நோயும் இழப்பும் உற்றவர் அருளாளரே. பல நூற்றாண்டு கழிந்து அப்பதிகத்தை ஓதுவார்க்கு அவ்வுருக்கம் எங்ஙனம் வரும்? பண்முறையால் வரும் என்பதே நம் முன்னோர் கண்ட விடை. ஏடுகள் கண்டெடுக்கப்பட்ட பின்னரும், யாழ்ப்பாணர் மரபில் வந்த திருவெருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியைக் கொண்டு பண் வகுப்பித்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுவது இக்கருத்துப்பற்றியே.

கல்வெட்டுக்களும் இதற்குச் சான்று பகரும். வாணியம்பாடியைப் போலவே முன்னாள் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்த திருவல்லத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பல்லவர் காலக் கல்வெட்டுத் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. முதலாம் இராசராச சோழன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலில் பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமைத்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் 3 குறுணி நெல் அளித்தான். அவருள் ஒருவர் இறப்பின் உறவினர் அவ்விடத்தைப் பெறலாம். அவர் பாடுந் தகுதியிலராயின், தகுதியுடையாரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும் என்பது விதி. உரிமையினும் தகுதி பெரிதாக மதிக்கப்பட்டமை காண்க.

நெல்லளந்து உள்ளுருக்கத்தை வாங்குதல் இயலாது. அதனை ஏந்தும் கலத்தைக் காத்தல் இயலும். அக்கலமே பண். பண்ணை நெகிழவிட்டுச் சொல்லை மட்டும் விரைந்து ஒப்பித்தல் ஒரு குற்றம். பொருளை மறந்து இசையை மட்டும் பெருக்குதல் மற்றொரு குற்றம். முன்னதில் கலம் உடையும். பின்னதில் கலம் வறிதாகும். ஓதுவார் தம் குறையைத் தாமுணர்ந்து, பண் வழுவாது, பதிகப் பொருளிலே நிற்பாராயின், வாணி அன்று பெற்ற குரல் அவர்பாலும் எழும் என்பது துணிபு.