கெஸ்ட் ரூமும் தோட்டதப்பா சத்திரமும்

பெங்களூரில் ஃப்ளாட் வாங்குகிற நம்மவர்கள் மூணாவது ரூமை 'கெஸ்ட் ரூம்' என்று ஒதுக்கி, புது மெத்தை, திரைச்சீலை எல்லாம் போட்டு வைக்கிறோம். தாத்தா வீட்டில் இப்படி ஒரு ரூம் ஏது? உறவுக்காரர் வந்தால் கூடத்தில் பாய். வழிப்போக்கருக்குத் திண்ணை. அதற்கும் மேலே சத்திரம்.

பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. அதாவது, முன்பின் தெரியாதவர்தான் விருந்தினர்! தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் கம்பெனி ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்கள் நடக்கும் விதத்தை விளக்குகிறார். எல்லா சாதியாருக்கும் சாப்பாடு, நோயாளிக்கு வைத்தியம். நள்ளிரவில் மணியடித்து, சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்களாம். ஒரத்தநாடு முத்தம்மாள் சத்திரம் அவர் கட்டியதுதான்.

சரி, நம்ம பெங்களூருக்கு வருவோம். மெஜஸ்டிக்கில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தோட்டதப்பா சத்திரம். குப்பி தோட்டதப்பா என்ற வியாபாரி 1897-ல் இடம் வாங்கி, வழிப்போக்கர்கள் இலவசமாகத் தங்குவதற்காகக் கட்டினார். 1903-ல் திறந்து வைத்தவர் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். ரயிலை விட்டு இறங்கினால் நடை தூரம். ஊரில் யாரையும் தெரியாதவனுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டைச் சத்திரமாக்கச் சொல்லவில்லை. ஆனால் ஊரிலிருந்து வேலை தேடி வருகிற ஒரு பையன், யாரோ நம்பர் கொடுத்து போன் பண்ணினால், வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் அந்த மெத்தையில் ஒரு வாரம் படுத்துக்கொள்ளட்டுமே. சொம்பில் தண்ணீர், பெங்களூர்க் குளிருக்கு ஒரு கம்பளி. போதும், அறை தயார்.