அந்தச் சுவர் யாருடையது?

போன மாதம் விழுப்புரத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்த கொத்தனார், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "ரெண்டு நாள் வேலை சார், எடுத்துடலாம்" என்றார். என் மனைவிக்கு மூட்டுவலி. குளியலறை வாசற்படியைத் தாண்டுவதே சிரமமாகிவிட்டது. படியைக் குறைத்து, கதவை அகலப்படுத்த வேண்டும். அதோடு சமையலறையையும் விசாலமாக்கிவிடலாம் என்பது திட்டம். சரி என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் தோன்றியது: இந்தச் சுவர் என்னுடையதுதானா?

திண்டிவனத்தில் தாத்தா கட்டிய வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒன்றரை அடிச் சுவர். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு. தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். கூரையின் பாரம் முழுவதும் சுவரின்மேல்தான். அதனால் சுவரில் கை வைக்க யாரும் யோசிப்பார்கள். அப்படியே தவறு நேர்ந்தாலும் இடிவது நம் வீடு மட்டும்.

கட்டுமானப் பொருளைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு பழைய சாட்சி உண்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் அதை அமைத்ததாக, விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரோடு வடமொழியில் பொறித்து வைத்திருக்கிறான். அந்த நான்கும்தான் அதற்குமுன் வழக்கமான பொருட்கள் என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. பாறையையே குடைந்தவனும் முகப்பில் தூண்களை விட்டுத்தான் குடைந்தான்.

நம் காலத்தில் சிமெண்டும் கம்பியும் வந்தன. பாரம் சுவரிலிருந்து தூணுக்கும் பீமுக்கும் போயிற்று. உள்சுவர் நாலரை அங்குலமாக மெலிந்தது. அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்றாக வீடு கட்ட முடிந்தது. 1961-ல் வீட்டு வசதி வாரியம் வந்தது. சென்னையில் தனியார் அடுக்குமாடிகளும் பின்னர் பெருகின. ஆனால் அடுக்குமாடியில் எது யாருக்குச் சொந்தம் என்று வகுத்துச் சொல்ல, தமிழ்நாட்டில் 1994-ல்தான் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. வீட்டின் உட்புறம் உங்களுடையது. நிலம், அடித்தளம், தூண், பீம், முதன்மைச் சுவர், கூரை, மாடிப்படி எல்லாம் பொது. பத்திரத்தில் "பிரிக்கப்படாத பங்கு" என்று இருப்பது இதைத்தான். 2022-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2024-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று அது வழி செய்கிறது. முழுக் கட்டடத்துக்கே இத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்றால், ஒரு தூணைத் தனியொருவர் தீர்மானிப்பது எப்படிச் சரியாகும்?

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியா நாட்டின் சியோல் நகரில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே சாம்பூங் என்ற பெரிய அங்காடியில் நகரும் படிக்கட்டுக்காகத் தூண்களைக் குறைத்தார்கள். மேலே ஒரு மாடியையும் கூட்டினார்கள். 1995 ஜூன் 29 அன்று அது சரிந்து 502 பேர் இறந்தார்கள்.

நம் வீட்டு வேலை அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் சிறு வேலையும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சில வருடங்களுக்கு முன் எங்கள் மேல்வீட்டில் குளியலறை டைல்ஸை மாற்றினார்கள். பழைய டைல்ஸைக் கொத்தி எடுத்தபோது அடியில் இருந்த நீர்க்காப்புப் பூச்சும் போய்விட்டது. எங்கள் குளியலறைக் கூரை ஆறு மாதம் ஈரம் காயவில்லை. அந்த ஈரத்தைப் பார்த்தவன் நான். என் வீட்டுக்குக் கீழே தனியாக ஒரு அம்மா இருக்கிறார்கள்.

ஆகவே கொத்தனாரை ஒரு வாரம் நிறுத்திவைத்தேன். முதலில் கட்டட வரைபடத்தைத் தேடி எடுத்தேன். அதை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டினேன். சமையலறைச் சுவர் வெறும் தடுப்புதான். ஆனால் அதன் ஒரு முனையில் பூச்சுக்குள் தூண் மறைந்திருக்கிறது என்றார். தட்டிப் பார்த்தால் சத்தம் தெரியும், பாரம் தெரியாது. சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கீழ்வீட்டு அம்மாவிடம் நேரில் போய் வேலை நாட்களைச் சொல்லிவிட்டு வந்தேன்.

முடிவில் சமையலறைச் சுவர் அப்படியே இருக்கிறது. விசாலமாக்கும் ஆசை மனைவிக்கு இல்லை, எனக்குத்தான் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது! குளியலறையில் புதிதாக நீர்க்காப்பு பூசி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்துக் கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டினோம். படி அரை அங்குலமாகக் குறைந்தது. கதவு அகலமாயிற்று. சுவரில் இரண்டு கைப்பிடிகள். மனைவி இப்போது யார் துணையும் இல்லாமல் போய்வருகிறாள்.